வற்றிய பசுவும் பழைய கணினியும்

சில ஆண்டுகளுக்கு முன், வட மாநிலம் ஒன்றிலுள்ள எங்கள் கிளை மையத்தில் நான் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தார் தங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தி வந்த 12 கணினிகளை, நாங்கள் நடத்தி வந்த மாலை நேரப் பாடசாலைக்கு நன்கொடையாக வழங்கினர். சிறியதொரு விழா நடந்தது. மலர்மாலை, சால்வை, நன்றியுரை, புகைப்படம் அனைத்தும் முறைப்படி நிறைவேறின. மறுநாள் மின் இணைப்புக் கொடுத்துப் பார்த்தபோது 3 கணினிகள் மட்டுமே இயங்கின. மற்ற ஒன்பதையும் பண்டக அறையில் அடுக்கிப் பழைய போர்வை ஒன்றால் மூடி வைத்தோம். நிறுவனத்தாருக்கு நன்றிக் கடிதம் சென்றது. அதை எழுதியவன் நானே.

சில வாரங்களில் அந்த மூன்றில் ஒன்றும் நின்றுபோயிற்று. அதன்முன் அமர்ந்திருந்த சிறுவன் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "மகராஜ், நான் எதையும் அழுத்தவில்லை" என்றான். அவன் வீட்டில் அதற்குமுன் எவரும் கணினியைத் தொட்டதில்லை. கருவி பழுதானால் தொட்ட கையே காரணம் என்று அவன் எண்ணியதில் வியப்பில்லை. எவரோ கழித்துவிட்ட பொருளின் குறை, அச்சிறுவனின் நெஞ்சில் அவனுடைய குற்றமாகக் குடியேறிவிட்டது.

அன்றிரவு கடோபநிஷதத்தின் தொடக்கம் என் நினைவுக்கு வந்தது. தன் உடைமை அனைத்தையும் வழங்குவதாகக் கூறி வேள்வி செய்கிறான் நசிகேதனின் தந்தை. ஆனால் தானமாக ஓட்டிச் செல்லப்படுபவை பால் வற்றி, கன்று ஈனும் பருவம் கடந்த பசுக்கள். அதைக் காணும் சிறுவனின் உள்ளத்தில் சிரத்தை புகுகிறது. இத்தகைய தானம் தந்தையை எங்கே கொண்டு சேர்க்கும் என்று அவன் கலங்குகிறான். மரணத்தைப் பற்றிய அந்த மாபெரும் உரையாடல் முழுவதும், கொடுக்கத் தகாததைக் கொடுத்த ஒரு செயலைக் கண்டு சிறுவன் ஒருவன் பொறுக்காமல் கேட்ட கேள்வியில்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகளாக இந்த உபநிஷதத்தைப் பாடம் சொல்லி வருபவன் நான். அந்தப் பசுக்களை எப்போதும் விரைவாகவே கடந்து யமனிடம் சென்றிருக்கிறேன்.

அப்படியானால் பழைய பொருளைக் கொடுப்பதே தவறா? அன்பர்கள் பலர் உடனே மறுப்பார்கள். புதிய கணினி வாங்க வழியற்ற ஒரு மாணவிக்கு, ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த கணினி பெரும் உதவியல்லவா? ஐயமின்றி உதவியே. பகவத் கீதை 17-ஆம் அத்தியாயத்தில் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கும்போது பொருளின் விலையையோ வயதையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. கொடுக்கும் மனநிலை, இடம், காலம், பெறுபவரின் தகுதி இவையே அங்கு பேசப்படுகின்றன. மதிப்பின்றிக் கொடுப்பது தாமசம் எனப்படுகிறது. ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும்: எனக்கு வேண்டாத பொருள் எந்தக் கணத்தில், யாருடைய செயலால் தானமாகிறது?

'ஒன்றுமில்லாததற்கு இதுவேனும் மேல்' என்பது இங்கே வழக்கமாகக் கேட்கும் வாதம். அது பொய் என்பதை அந்த ஒன்பது பெட்டிகளே எனக்குக் கற்பித்தன. இயங்காத கணினி இடத்தை அடைக்கிறது. அப்புறப்படுத்தும் பொறுப்பை ஏழையின் தலையில் ஏற்றுகிறது. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களில் கிலோ கணக்கில் ஈயம் உண்டு. இந்த வாதம் கடல் கடந்தும் செல்லும். நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்திற்கு மாதந்தோறும் ஏறத்தாழ 500 கொள்கலன்களில் பழைய மின்னணுப் பொருட்கள் வந்து இறங்குவதாக, பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு வரை எதற்கும் உதவாதவை என்று அங்குள்ள வணிகர்களே சொன்னார்கள். அவற்றுள் பல 'மறுபயன்பாட்டிற்கு' என்ற பெயரிலேயே அனுப்பப்பட்டவை. நமது தில்லியின் சீலம்பூரில் அமிலத்தாலும் நெருப்பாலும் வெறுங்கையாலும் கணினிகளைப் பிரிக்கும் தொழிலாளரை நினைத்தால், லாகோஸ் தொலைவிலுள்ள ஊராகத் தோன்றாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் 2000-ஆம் ஆண்டு 'ஃப்ரீ கீக்' என்ற தொண்டமைப்பு தோன்றியது. மக்கள் கழித்துவிடும் கணினிகளை அது பெற்றுக் கொள்ளும். தன்னார்வத் தொண்டர்கள் அவற்றைத் திறந்து, உறுப்பு உறுப்பாகச் சோதித்து, நல்லவற்றை ஒன்றுசேர்த்து, கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தேவைப்படுவோருக்கு அளிப்பார்கள். மீதமுள்ளவை முறையான மறுசுழற்சிக்குச் செல்லும். இதே பணியை இன்று பல நாடுகளில் சிறு குழுக்கள் செய்து வருகின்றன.

அந்தப் பணியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். முதலில் தூசு. விசிறியிலும் துளைகளிலும் படிந்த தூசே பாதி நோய்க்குக் காரணம். நாணயம் போன்ற சிறிய மின்கலம் ஒன்று மதர்போர்டில் இருக்கும். அது தீர்ந்துவிட்டால் கணினிக்குத் தேதியும் நேரமும் மறந்துபோகும். சில ரூபாய்களில் தீரும் பிணி அது. மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அந்தப் பலகையை நம்பலாகாது. ரேம் எனப்படும் நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதிப்பார்கள், ஏனெனில் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடுவது ஐந்தாவது மணி நேரத்தில் தடுமாறக்கூடும். அடுத்து ஹார்ட் டிஸ்க். கோப்பை நீக்கினால் அது அழிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நூலகப் பட்டியலிலிருந்து அட்டையைக் கிழித்ததைப் போன்றதே அது, நூல் அலமாரியில்தான் இருக்கும். வட்டு முழுவதன்மீதும் புதிதாக எழுதினால்தான் பழையது மறையும். கொடுத்தவரின் கடிதங்களையும் வங்கிக் கணக்கையும் குடும்பப் படங்களையும் திறந்து பாராமல், முன்பின் அறியாத ஒருவர் அவருக்காக அழித்துக் கொடுக்கிறார்.

எல்லாவற்றையும்விட அருமையான பணி வேறொன்று. இரவெல்லாம் சோதித்த கணினி விடியற்காலையில் ஒருமுறை தடுமாறுகிறது. ஒருமுறைதான். வெளியே காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது. 'பரவாயில்லை, கொடுத்துவிடுவோம்' என்று உள்ளம் சொல்கிறது. அப்போது, 'இது கொடுக்கத் தக்கதன்று' என்று அதை ஒதுக்கி வைக்கும் தொண்டர் நசிகேதனின் வழியில் வந்தவர். தேவையற்றதைக் கொண்டுவந்து இறக்கியவர் தம் அறையில் இடத்தைப் பெற்றார், அதில் தவறில்லை. தானத்தைச் செய்தவர் இந்தத் தொண்டரே என்பது என் துணிபு. தம்முடையதாக ஒருபோதும் இராத பொருளைத் தம் உழைப்பாலும் மறுப்பாலும் தானமாக்குகிறார் அவர்.

பெறுபவரின் பக்கமும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடையைப் பற்றி 1925-இல் வெளியான தம் ஆய்வில், திருப்பிச் செய்ய வழியில்லாத கொடை பெற்றவரைத் தாழ்த்தி வைக்கும் என்று வாதிட்டார். கைம்மாறு செய்ய இயலாதவருக்குக் கொடுப்பதையே கீதை உயர்த்துகிறது. இரண்டும் மோதுவதாகக் கல்லூரி நாட்களில் எனக்குத் தோன்றியதுண்டு. கீதை கொடுப்பவனிடம் பேசுகிறது; மோஸ் பெறுபவனின் முகத்தைப் பார்க்கிறார். போர்ட்லாந்துத் தொண்டர்கள் இம்முடிச்சை எளிதாக அவிழ்த்தார்கள். 24 மணி நேரம் அங்கே தொண்டாற்றினால், யாரும் ஒரு கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று திட்டம் வகுத்தனர். அப்படியானால் அது கூலியல்லவா என்று கேட்கலாம். ஆனால் அந்த 24 மணி நேரத்தில் அவர் பிரித்துத் தரம் பார்த்த உறுப்புகள் அவர் அறியாத இன்னொருவரைச் சென்று சேர்கின்றன. பெற வந்தவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கேள்வி இப்போது இன்னும் நெருங்கி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக் கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் வன்பொருள் தகுதி இல்லாத கணினிகள் எண்ணற்றவை. அவற்றுள் பல நன்றாக இயங்குபவை. பால் வற்றாத பசுவையே வற்றியதென்று அறிவித்தது போலாயிற்று. ஒரு மேசைக் கணினியையும் அதன் மானிட்டரையும் உருவாக்க 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருட்களும் 1,500 கிலோ நீரும் செலவாவதாக 2004-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. அலுவலகங்கள் இவற்றைக் கொடுக்க முன்வருவது மகிழ்ச்சிக்குரியதே. எங்கள் வாயிலிலும் வண்டிகள் வந்து நிற்கும். இம்முறை சால்வைக்கு முன் மின் இணைப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

போர்வையின் கீழிருந்த பெட்டிகளுக்கு வருகிறேன். அடுத்த கோடையில் பொறியியல் மாணவர்கள் இருவர் ஞாயிறுதோறும் வந்து அவற்றைத் திறந்தனர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தச் சிறுவனையும் அழைத்து, அவன் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்தேன். அவன் முன் நின்றுபோன கணினியை அவனே திறந்தான். பவர் சப்ளைக்குள் கருகிய தடம் தெரிந்தது. பழைய தடம், அதன்மேல் தூசு படிந்திருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இது இங்கே வருவதற்கு முன்பே இப்படி இருந்ததா, மகராஜ்?" என்று கேட்டான். ஆம் என்றேன்.

ஒன்பதில் நான்கு பிழைத்தன. அந்தச் சிறுவனின் கணினிக்கும் ஓர் உறுப்பு கிடைத்தது. எஞ்சிய ஐந்து, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திற்குச் செல்ல வேண்டும். அதற்குமுன் பண்டகப் பதிவேட்டில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே அவை 'நன்கொடை' என்ற தலைப்பின்கீழ் இருந்தன. பதிவேட்டைக் கவனித்து வந்த பிரம்மச்சாரி என்னிடம் வந்து, "மொழிபெயர்ப்பவர் நீங்கள்தானே, இதற்கு என்ன சொல் எழுதுவது?" என்று கேட்டார். பேனாவை வாங்கி, பதிவேட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றிக் கடிதத்தின் நகல் அதே பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது.