இனிப்புநீரின் கணக்கு யார் பெயரில்?

போன வருஷம் என் அக்காவின் வளைகாப்புக்கு மண்டபம் பிடித்தவன் நான்தான். மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் சேர்த்து 4,200 ரிங்கிட். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "முதல் பிள்ளை, ஒரு குறையும் வைக்கக்கூடாது"ன்னு அம்மா சொல்லிட்டாங்க.

அதே வாரம் அக்காவை கிளினிக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் புத்தகத்தை அவள் பையிலிருந்து எடுத்தபோது, சர்க்கரை அளவு எழுதும் தாளும் கூடவே வந்தது. ஒரு நாளைக்கு நாலு கட்டம். காலைக் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது, மற்ற மூன்றும் காலி.

"ஏன்க்கா, காலையில மட்டும்தான் குத்திப் பார்க்கிறியா?"

"பட்டை என்ன விலைன்னு தெரியுமா தம்பி? அம்மாகிட்ட சொல்லிடாதே."

அக்காவுக்குக் கர்ப்பகால இனிப்புநீர். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு 7.8-ஐத் தொட்டாலே இங்கே அது இனிப்புநீர்தான். அக்காவுக்கு அதைத் தாண்டிவிட்டது, இன்சுலினும் தொடங்கியாச்சு.

நம் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்த்தால் 5 ரிங்கிட். அதனால் "செலவே இல்லையே" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சோதிக்கும் கருவியை இரவல் கொடுத்தார்கள், பட்டையை நாமே வாங்க வேண்டும். 50 பட்டை உள்ள பெட்டி 70 ரிங்கிட். ஒரு நாளைக்கு நாலு என்றால், பத்து வாரத்துக்கு 280 பட்டை. அதாவது ஆறு பெட்டி, 420 ரிங்கிட். அதோடு கிளினிக் போகும் ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தொழிற்சாலைச் சம்பளம் போச்சு. போக வர வண்டிக் காசு வேறு.

வளைகாப்புச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் அந்த 420 ரிங்கிட். முதலாவது குடும்பத்தின் செலவு. இரண்டாவது எப்படி அக்காவின் தனிச் செலவாச்சு?

பதில் எனக்கு வளைகாப்பு அன்றே கிடைத்தது. "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா?" என்றார் ஓர் அத்தை. "எல்லாம் அவ கர்மா" என்றார் இன்னொருவர். நோய் அவள் குற்றம் என்றால் செலவும் அவளுடையது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் மறைத்தாள்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்கிறது. சிலரின் உடல் அதற்கு ஈடாகக் கூடுதல் இன்சுலினைச் சுரக்க முடிவதில்லை. பெற்றோருக்கு இனிப்புநீர் இருந்தால் ஆபத்து கூடும். எங்கள் அப்பாவுக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் நாட்டின் பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். அக்கா தின்ற இரண்டு லட்டு மட்டும் கொண்டு வந்ததல்ல இது.

சரி, கர்மா? நம் சமயம் அதைச் சொல்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய முன்வினையை எண்ணிப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் வேலையை நம்மிடம் யாரும் கொடுக்கவில்லை. நம் கையில் இருப்பது நம் செயல் மட்டுமே. துன்பப்படுகிறவளைப் பார்த்து "அவ கர்மா" என்று விலகிப் போவதும் ஒரு செயல்தான். அதன் பலன் அவள் கணக்கில் அல்ல, நம் கணக்கில் ஏறுகிறது.

"அப்படின்னா அவளுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஊசி போடுவதும், சோற்றைக் குறைப்பதும் அவள்தான் செய்ய வேண்டும், வேறு யாராலும் முடியாது. ஆனால் வீட்டில் எல்லாரும் இனிப்பான தே தாரிக் குடித்துக்கொண்டு, அவளை மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிடச் சொன்னால், பொறுப்பு என்ற பெயரில் நாம் அவளைத் தனியே விட்டுவிட்டோம். பழி சொன்னால் சர்க்கரை குறையாது, தாளில் கட்டங்கள்தான் காலியாகும். கட்டம் காலியானால் மருத்துவர் எதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்வார்? குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, அறுவைச் சிகிச்சை வரை போகலாம். பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம்.

நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு என் மேல் இரண்டு நாள் கோபம். அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் சோற்றுப் பானையில் எல்லாருக்கும் அரிசி குறைந்தது. பட்டைப் பெட்டிகளை நானும் அத்தானும் பங்கு போட்டு வாங்கினோம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான்.

தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு வளைகாப்பு வரும். வளையல் தட்டு அடுக்கும்போதே, "அக்கா, சோதனைக்கு எவ்வளவு ஆகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் கணக்கை மூடிவிடாதீர்கள். இந்த நோய் வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர இனிப்புநீர் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதனால் ஆறு வாரம் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொல்கிறார்கள். எல்லாரும் பிள்ளையைக் கொஞ்சியதில் எங்கள் வீட்டில் அந்தத் தேதி தாண்டிப் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். அக்காவைக் கூட்டிப் போக வேண்டும்.