தெரியாமல் செய்தது

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஓர் ஆமை புகுந்தது. வீட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. உருக்குலைந்தது அந்த ஆமைதான்.

என் மகளின் பத்தாவது பிறந்த நாளுக்கு வாங்கிய குஞ்சு அது. கைக்கடிகாரத்தின் முகத்தைவிடச் சற்றே பெரியது. கண்ணுக்குப் பின்னால் குங்குமக் கீற்றைப் போல ஒரு சிவப்புக் கோடு. அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பக்கத்து இனம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் வண்ணக் கூழாங்கல், ஒரு டப்பா உலர்ந்த இறால் இவ்வளவையும் கடையில் கொடுத்தார்கள். நாங்களும் வேறொன்றும் கேட்கவில்லை. தொட்டியை ஜன்னலோரம் வைத்தோம். மூடிய கண்ணாடிக் கதவின் வழியே காலை வெயில் அழகாக வந்து விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழந்தை அதனுடன்தான் பேசுவாள். அன்புக்கு ஒரு குறையும் இல்லை.

சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள், "அப்பா, ஓடு அமுங்குகிறதே!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். தொட்டுப் பார்த்தேன். நனைந்த அட்டையைப் போல விரலுக்கு இணங்கிக் கொடுத்தது.

"ஓடு என்றால் அது குடியிருக்கும் வீடு என்று நினைத்தீர்களா? அது அதன் எலும்பு" என்றார் கால்நடை மருத்துவர். முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாய் இணைந்து விரிந்ததே ஆமையின் ஓடு. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற மெல்லிய தகடுகள் மூடியிருக்கின்றன. வளரும் குழந்தையின் எலும்புக்கு வேண்டியதெல்லாம் அதற்கும் வேண்டும். முதலில் சுண்ணாம்புச் சத்து. அதை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி. அந்த வைட்டமின் உடம்பில் ஊற வெயிலின் புற ஊதாக் கதிர். அந்தக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்து நிறுத்திவிடுமாம். இத்தனை நாளும் எங்கள் தொட்டியில் விழுந்தது வெளிச்சம், வெயில் அல்ல. வெறும் உலர்ந்த இறாலிலும் போதிய சத்து இல்லை. போதாக்குறைக்கு, நீரை விட்டு முழுவதும் வெளியே ஏறி உடம்பை உலர்த்திக்கொள்ள ஓர் இடமும் நாங்கள் வைக்கவில்லை. எப்போதும் ஈரத்திலும் அழுக்கு நீரிலும் கிடந்தால் ஓடு அழுகவும் கூடும்.

வீடு திரும்பும்போது குழந்தை கேட்டாள்: "தெரியாமல்தானே செய்தோம், அப்பா? அது தப்பா?"

"இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் தெரியாமல்தான் செய்தான். பொற்கொல்லன் சொல்லை நம்பினான், விசாரிக்கவில்லை. உண்மை வெளிப்பட்டபோது, 'எனக்குத் தெரியாது' என்று அவன் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். ஒரு சின்ன ஆமைக்காகப் பாண்டியனையா இழுப்பது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அரசன் கையில் குடிமகனின் உயிர் இருந்தது போல, என் கையிலும் ஓர் உயிர் இருந்ததே!

யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் இருந்திருந்தால் அந்தக் குஞ்சு தானாகவே ஒரு கட்டையின்மேல் ஏறி வெயில் காய்ந்திருக்கும். வைட்டமினைப் பற்றி யாரும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அதன் உடம்புக்கே அந்த அறிவு உண்டு. கண்ணாடிக்குள் வைத்து அந்த அறிவைப் பயனற்றதாக்கியவர்கள் நாங்கள். அப்படியானால் அதன் அறிவுக்கு ஈடாக எங்கள் அறிவைக் கொடுத்திருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் அறிந்த பிறகா ஒருவர் பிள்ளை பெறுகிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கேட்டும் தெரியாமல் போவது வேறு. கேட்கவே தோன்றாமல் இருப்பது வேறு. ஒரு புடவை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். உயிர் ஒன்றை வாங்க ஒரு கேள்வி போதவில்லையா? குழந்தையாவது அழுது நமக்குக் கற்பிக்கும். ஆமை அழுவதில்லை. அதன் மௌனத்தைச் சுகம் என்று எண்ணிக்கொண்டோம். வாயில்லாத உயிரிடம் கொண்ட அன்பு, வாயுள்ளவர்களைத் தேடிப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

"பேசாமல் கோயில் குளத்தில் விட்டுவிடலாமே, அப்பா" என்றாள் மகள். அதற்கும் வழியில்லை. வந்த இடத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இந்த இனம் பறித்துக்கொள்ளும். உலகிலேயே மிகவும் தீங்கு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள்கூட இருக்குமாம். என் மகளின் பிள்ளைப் பருவத்தைவிட நீண்டது இந்தக் கடன்.

இப்போது காலையில் தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிச் செல்கிறோம். நீர் சூடேறிவிடாமல் பாதித் தொட்டி நிழலில் இருக்கும். காக்கை கொத்தாமல் பக்கத்தில் ஒருவர் காவல். ஆமைக்கென்றே செய்த தீனியுடன் கீரையும் உண்டு. கடித்துக்கொள்ளக் கணவாய் ஓடு கிடக்கிறது. மழை நாட்களுக்குப் புற ஊதா விளக்கு வாங்கினோம். வெளிச்சம் குறையாமலே அதன் கதிர் மட்டும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடுமாம். ஆகவே எரிந்துகொண்டிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும்.

ஓடு இப்போது கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் அதன் ஓரம் மேல்நோக்கி வளைந்தது வளைந்ததுதான். இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேற்று அது செங்கல்மேல் ஏறிப் பின்னங்கால்களை நீட்டி வெயில் காய்ந்தபோது, குழந்தை அந்த வளைவை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன்.

"தெரியாமல்தான் செய்தோம், அம்மா. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, காக்கைக்குக் காவலாக உட்கார்ந்தாள்.