கடலடியும் நம் உடைமையோ?

பசிபிக் பெருங்கடலிலுள்ள நவுரு, 21 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு தீவு. அயலார் அங்குப் பாஸ்பேட் அகழ்ந்து தம் வயல்களுக்கு உரமிட்டனர். 1968இல் விடுதலை பெற்றபின் தீவினரும் அகழ்ந்தனர். நடுநிலம் கூரிய பாறைக்காடாயிற்று. நிலத்துக்காக ஆஸ்திரேலியா மீது 1989இல் வழக்குத் தொடுத்த அந்நாடே, 2021இல் ஆழ்கடல் உலோக முண்டைகளை எடுப்பதற்கான விதிகளை ஈராண்டுக்குள் முடிக்குமாறு வலியுறுத்தியது.

நிலமிழந்து நலிந்தோரைக் குறைகூறுதல் நமக்குத் தகாது. அம்முண்டைகளின் நிக்கலும் கோபால்ட்டும் நம்மனோர் வாங்கும் மின்கலங்களுக்கே வேண்டப்படுகின்றன. ஆயினும், பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளரும் முண்டைகளைப் பற்றி வாழும் உயிர்கள் எம்மன்றில் முறையிடும்? 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடியை மனித குலத்தின் பொதுச்சொத்து என்றது. மனிதர்க்குப் பொது என்பதால் பிற உயிர்க்கு உரிமையின்றிப் போகுமோ?

இல்லறத்தார் தம் உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்வதுபோல், நாடுகளும் அகழுமுன் அளவு வகுப்பதே அறம் எனக் கொள்வோம்.