விலக்கிவிட ஆள் உண்டா?

1996-ல் ஜான் மெக்கெய்ன் என்ற அமெரிக்க செனட்டர் ஒரு சண்டை வீடியோவைப் பார்த்து அரண்டுபோனார். கூண்டுக்குள் இரண்டு பேர். குத்து, உதை, கழுத்து நெரிப்பு. 'இது மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை' என்று சொல்லி, தடை செய்யும்படி 50 மாநில கவர்னர்களுக்கும் கடிதம் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. அவருடைய சொந்த மாநிலமான அரிசோனாவில் அப்போது நிஜமான சேவல் சண்டைக்கே தடை இல்லை. அது வந்தது 1998-ல்!

அந்தக் கூண்டுச் சண்டைக்குப் பெயர் மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ். சுருக்கமாக எம்.எம்.ஏ. பாக்ஸிங், மல்யுத்தம், ஜூடோ, தாய்லாந்து உதைச் சண்டை எல்லாம் ஒரே தட்டில். இன்றைக்கு அன்னூர் பையன்கள் செல்போனில் இதைத்தான் பார்க்கிறார்கள். சத்தி ரோட்டில் பஸ் பிடித்துக் கோவைக்குப் போய்ப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அப்பாக்கள், 'இதெல்லாம் ஒரு விளையாட்டா?' என்கிறார்கள்.

மெக்கெய்னின் உவமையை உரசிப் பார்க்கக் கொங்கு நாட்டுக்காரனுக்கு அவரைவிட அதிக யோக்கியதை உண்டு. பொங்கல் வந்தால் எங்கள் பக்கத்துத் தோப்புகளில், போலீஸ் கண்ணில் படாமல் சேவக்கட்டு நடக்கும். கீரி, காகம், வல்லூறு என்று நிறம் பார்த்துப் பெயர் வைப்பார்கள். மூஞ்சியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து மறுபடி இறக்கிவிடுவார்கள். காலில் கத்தி கட்டிய சண்டையென்றால் சில நிமிடங்களில் ஒன்று குழம்புக்குப் போய்விடும். சேவலிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், 'போதும், விட்டுடு' என்று சொல்ல அதற்கு ஒரு வழியும் கிடையாது.

கூண்டுக்குள் இருப்பவனுக்கு அந்த வழி உண்டு. எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டுத் தட்டினால் போதும், சண்டை முடிந்தது. 1993 நவம்பரில் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது. அப்போது எடைப் பிரிவுகூடக் கிடையாது. முதல் சண்டையிலேயே ஒரு சுமோ வீரரின் பல் தெறித்து விழுந்தது. ஆனால் அன்றிரவு மூன்று சண்டைகளிலும் ஜெயித்தது, ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேஸி. யார் எலும்பையும் முறிக்காமல், பிடியில் மாட்டவைத்தே ஜெயித்தார்.

பிறகு எடைப் பிரிவுகள் வந்தன. தடை செய்யப்பட்ட அடிகளின் பட்டியல் வந்தது. 2000-த்தை ஒட்டி நியூஜெர்சியில் பொது விதிகள் எழுதப்பட்டன. நியூயார்க் 2016-ல் அனுமதித்தது, பிரான்ஸ் 2020-ல். மெக்கெய்னே பிற்பாடு, நிறைய மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். 2024 ஜூனில் உத்தரப்பிரதேசத்துப் பெண் பூஜா தோமர், யு.எஃப்.சி-யில் ஜெயித்த முதல் இந்தியரானார்.

நம் சங்க இலக்கியத்தில் ஒரு புலவருக்கு இயற்பெயர் தெரியாது. குப்பைக்கோழியார் என்றே சொல்கிறோம். குறுந்தொகையில் தலைவியின் காதல் நோய்க்கு அவர் சொன்ன உவமை, குப்பைமேட்டில் தனியாகச் சண்டை போடும் கோழிகள். ஏவிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. தானாக ஓய்ந்தால்தான் உண்டு. சண்டைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது. ரத்தம் அளவுகோல் இல்லை. விலக்கிவிட ஆள் இருக்கிறாரா, அதுதான் கேள்வி. எம்.எம்.ஏ-வில் ரெஃப்ரி இருக்கிறார். தற்காத்துக்கொள்ள முடியாதவன்மேல் பாய்ந்து குறுக்கே படுத்துவிடுவார். பாக்ஸிங்கில் விழுந்தவனை எண்ணி எழுப்பி மறுபடி அடிவாங்க அனுப்புகிறோமே, அதற்கு ஒலிம்பிக் மெடல் வேறு! அதைவிட இது ஒருவகையில் நாகரிகம்.

ஒருவகையில்தான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்துகிறார்களே, ரெஃப்ரி வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு மூன்று விநாடிகள்... அதை என்னால் இன்னும் பார்க்க முடியவில்லை.

அன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பரின் பையனுக்குப் போன மாதம்தான் 18 முடிந்தது. ஒரு போட்டிக்கான ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.' கீழே பெற்றோர் கையெழுத்து.

"ஏனுங்ணா, நீங்க பத்திரிகைல எழுதறவரு. இதுல போடலாமுங்களா? சொன்னாக் கேக்க மாட்டீங்கறான்."

நான் படித்தது பி.காம். மெர்க்கண்டைல் லா வகுப்பில் மண்டையில் ஏற்றிய முதல் பாடம், சம்மதம் என்றால் சுதந்திரமான சம்மதம். மிரட்டல், ஏமாற்று, தப்பான தகவல் எதுவும் கலக்கக் கூடாது. கிரிமினல் சட்டமும் இதைப் பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 87-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 25. சாவோ கொடுங்காயமோ நோக்கமில்லாதபோது, 18 வயது தாண்டியவர் சம்மதித்து வாங்கிய அடி குற்றமில்லை. பழைய சட்டம் கொடுத்த உதாரணம், பொழுதுபோக்காக வாள் வீசிப் பழகும் இருவர். ஆக, பையன் விஷயத்தில் சட்டத்துக்கு வயது சரி. அப்பாவுக்குச் சரியில்லை. எனக்கும்தான்.

காரணம், மூளை. கை முறியப்போகிறது என்றால் வலிக்கும், தட்டிவிடலாம். கழுத்து இறுகினால் தட்டிவிடலாம். மூளைக்கு வலிக்கவே வலிக்காது. அது தட்டாது. முகமது அலி கடைசியாக மோதியது 1981-ல், பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொன்னது 1984-ல். 1982-ல் கொரிய பாக்ஸர் கிம் டுக் கூ, 14-வது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் 15 ரவுண்டை 12 ஆக்கினார்கள். எம்.எம்.ஏ-வில் நேரம் குறைவு, சாதாரணமாக ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ரவுண்டு. ஆனால் கையுறையும் மெலிசு, நாலு அவுன்ஸ். இருபது வருஷம் கழித்து வரப்போகும் பில்லுக்கு, 18 வயதில் தொகை தெரியாமல் கையெழுத்துப் போடுகிறான். தகவல் இல்லாத சம்மதம் எப்படிச் சுதந்திரமான சம்மதமாகும்?

'வேலையில் ஆபத்தே இல்லையா?' என்று பையன் கேட்டானாம். நல்ல கேள்விதான். விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அதை யாரும் வன்முறை என்று சொன்னதில்லை.

சாவு கூண்டுக்குள்தான் வரும் என்றும் இல்லை. 2015 டிசம்பரில் மணிலாவில் போட்டிக்கு வந்த 21 வயது சீன வீரர் யாங் ஜியான் பிங், எடையைக் குறைப்பதற்காக உடம்பின் நீரை வற்றவைத்து, களம் இறங்கும் முன்பே இறந்தார். அந்த அமைப்பு அதன் பிறகே அந்த முறைக்குத் தடை போட்டது. தராசுக்குப் பக்கத்தில் அன்று விலக்கிவிட ஆளில்லை.

அதனால் நண்பரிடம், 'பழகட்டும், தடுக்காதீங்க' என்றேன். மல்யுத்தம், ஜூடோ, பிடி எல்லாம் வருடக்கணக்கில் பழகலாம். தலையில் குத்து வாங்கும் போட்டிக்கு மட்டும் அவசரம் வேண்டாம். கையெழுத்துக்கு முன்னால் நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். ரெஃப்ரி எங்கே பயிற்சி எடுத்தவர்? எடையை எப்படிக் குறைக்கச் சொல்வீர்கள்? தலையில் அடிபட்டு விழுந்தால் எத்தனை நாள் மறுபடி இறக்க மாட்டீர்கள்? அன்றைக்குக் கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் டாக்டர் யார்?

போய்க் கேட்டிருக்கிறார். முதல் மூன்றுக்கும் கோச் நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார். நாலாவதுக்கு, "அதெல்லாம் ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க" என்றாராம். ஃபாரம் இன்னும் கடைக் கல்லாவில்தான் கிடக்கிறது. பையன் அப்பாவோடு பேசி நாலு நாள் ஆகிறது.