'இல்லை' என்பதற்கு என்ன பொருள்?

உளஇயக்கவியல் அணுகுமுறையின் அடிப்படை அனுமானங்களைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். மனத்தின் பெரும்பகுதி நமக்கே தெரியாதது. குழந்தைப் பருவம் நம்மை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. கனவு, நாப்பிறழ்வு, நோய்க்குறி எதுவும் தற்செயலல்ல; ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. இவற்றை நான் மறுக்கவில்லை. வாய் சொல்ல முடியாததை உடல் சொல்லும் என்பதைப் பெண்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பொருளைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதே என் கேள்வி.

1900ஆம் ஆண்டு, வியன்னா. 18 வயது இடா பௌவரை அவள் தந்தை ஃப்ராய்டிடம் ஒப்படைத்தார். இருமல், அடிக்கடி குரல் போய்விடுதல், தற்கொலை செய்துகொள்ளப்போவதாக எழுதிய ஒரு கடிதம். தந்தைக்குக் குடும்ப நண்பரின் மனைவியோடு உறவு. அந்த நண்பரோ இடாவின் 14 வயதில் அவளை இழுத்து முத்தமிட்டவர். பின்னர் ஓர் ஏரிக்கரையில் ஆசை வார்த்தை பேசி அவளிடம் அறை வாங்கியவர். விசாரித்தபோது அவர் மறுத்தார். எல்லாம் மகளின் கற்பனை என்றார் தந்தை.

ஃப்ராய்ட் அவளை நம்பினார். இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது நேர்மையல்ல. தந்தை தன் உறவுக்கு விலையாகத் தன்னை அந்த ஆளிடம் விட்டுவிட்டார் என்று அவள் உணர்ந்ததில் நியாயம் இருப்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 14 வயதுப் பெண்ணுக்கு அந்த முத்தம் கிளர்ச்சி தந்திருக்க வேண்டும், அருவருப்புத் தந்ததே ஹிஸ்டீரியாவின் அடையாளம் என்று முடிவு கட்டினார். உள்ளூர அவள் அவரைக் காதலிக்கிறாள் என்றார். அவள் "இல்லை" என்றாள். அந்த 'இல்லை'யே அமுக்கி வைத்த ஆசைக்குச் சான்றாகிவிட்டது.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானும் உள்ளுறை தேடிப் பாடம் நடத்துகிறவள்தான். சுனையும் குவளையும் குரங்கும் வேறொன்றைச் சொல்வதாக விளக்கலாம்; பாட்டு எழுந்து நின்று மறுக்காது. இடா மறுத்தாள். மறுப்பையும் உள்ளுறையாகப் படித்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது எந்தச் சொல்?

டிசம்பர் 31 அன்று, 11 வாரங்களில், அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டாள். ஃப்ராய்டுக்கு அது பழிவாங்கல். 1905இல் அவள் கதையை வெளியிட்டபோது 'டோரா' என்று பெயர் வைத்தார். எதுவும் தற்செயலல்ல அல்லவா? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவரே ஆராய்ந்து எழுதினார்: அவருடைய தங்கை வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் அது. அதுவும் அவளுடைய சொந்தப் பெயரல்ல. எஜமானிக்கும் அவளுக்கும் ஒரே பெயர் என்பதால், அவள்தான் தன் பெயரைத் துறக்க வேண்டியிருந்தது.

1902 ஏப்ரலில் இடா மீண்டும் வந்தாள். இடையில் அந்தத் தம்பதியைச் சந்தித்து, மனைவியிடம் உறவைப் பற்றி நேராகச் சொல்லி, ஏரிக்கரையில் நடந்ததைக் கணவனின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். இப்போது முகவலி, உதவ முடியுமா என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, இந்தக் கோரிக்கை உண்மையானதல்ல என்று ஃப்ராய்டுக்குத் தெரிந்துவிட்டதாம்.