பாயிண்ட்டுக்கு அரை சென்ட்

ஹோட்டல் பாயிண்ட் சேர்ப்பதை ஒரு சாஸ்திரமாகவே பயின்ற நண்பர்கள் டாலஸில் எனக்குப் பலர் உண்டு. அவர்களுடைய முதல் சூத்திரம் இது: அறை வாடகையை, அது கேட்கும் பாயிண்ட்டால் வகுத்துப் பார். ஒரு பாயிண்ட்டுக்கு அரை சென்ட் தேறினால் வீண் செலவு; ஒரு சென்ட்டைத் தாண்டினால் கெட்டிக்காரத்தனம். மாலத்தீவில் கடலுக்கு மேல் கட்டிய வில்லாவில் கொண்டுபோய்க் கொட்டியவன் வீரன். கிழக்கு டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் சனிக்கிழமை இரவு படுத்தெழுந்தவன் ஏமாளி. நான் ஏமாளிகள் கட்சி. கட்சி மாறும் உத்தேசம் இல்லை.

பாயிண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கன்சல்டிங் வேலையில் திங்கள் விடிகாலை விமானம், வியாழன் ராத்திரி வீடு. அறைக்குப் பணம் கட்டுவது கம்பெனி, பாயிண்ட் ஏறுவது நம் பெயரில். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிவைத்த வழக்கத்தை 1983-இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் ஹோட்டலுக்குக் கொண்டுவந்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தவன் இந்த ஆள்தான். சொந்தக் காசைச் செலவழிக்காதவனுக்கு வாடகை எவ்வளவு என்ற கவலை இல்லை. அவனுக்குத் தனியாக ஏதாவது கொடுத்தால்தான் மறுபடி வருவான்.

கொடுத்ததைப் பணம் என்று நினைத்துவிடக் கூடாது. அச்சடிப்பதும் அவர்கள், மதிப்பு வைப்பதும் அவர்கள். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒருகாலத்தில் அட்டவணை போட்டிருந்தார்கள். ஹில்டன் 2017-இல் அதை எடுத்துவிட்டது, மேரியட் 2022-இல். இப்போது ஒவ்வோர் இரவுக்கும் ஒரு விலை, கூட்டத்தைப் பார்த்து ஏறும். இரண்டு வருடம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் பல நிறுவனங்களில் மொத்தமும் காலாவதி. பீரோவில் தங்கம் வைத்துப் பழகிய நம் கைக்கு இது பிடிபடுவதில்லை. அது வைக்க வைக்க ஏறும். இது வைக்க வைக்கக் கரையும்.

ஆனால் நான் சின்ன ஊர்களுக்கு பாயிண்ட்டைச் செலவழிப்பது காலாவதிக்குப் பயந்து அல்ல. அதன் காரணத்தை அம்மாவிடமிருந்துதான் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஒரு வாரக்கடைசிக்கு வெளியே தங்கலாம் என்றதும் அம்மா முதலில் கேட்டது வாடகை. நூற்றிமுப்பது டாலர் என்றேன். மனக்கணக்கில் பெருக்கிவிட்டு, "படுத்து எந்திரிக்கப் பதினோராயிரமா? வீடு இருக்கும்போது எதுக்குடா?" என்றாள். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் பயணத்துக்குக் காரணம் வேண்டும். கல்யாணம், காரியம், கோயில், ஆஸ்பத்திரி. ஊர் பார்க்கப் போவதென்றால் அது நயாகராவாகவோ கிராண்ட் கேன்யனாகவோ இருக்க வேண்டும். கொடுத்த காசுக்குக் காலை ஆறு மணியிலிருந்து கிளம்பிப் பார்த்துத் தீர்க்க வேண்டும். "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத ஊருக்கு யாரும் பதினோராயிரம் கொடுப்பதில்லை.

பாயிண்ட் அந்தக் கேள்வியை எடுத்துவிடுகிறது. அறை சும்மா கிடைத்தது என்றதும் அம்மாவும் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும் ஊர் சுமாராக இருந்தால் குற்றமில்லை, பார்க்க ஒன்றுமில்லை என்றாலும் யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை. அரை சென்ட் கணக்கில் இந்த நிம்மதிக்கு ஒரு கட்டம் இல்லை.

அன்று கிளம்பியது ஜெபர்சனுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து நீராவிப் படகுகள் வந்துபோன துறைமுகம் அது, கடலே இல்லாத கிழக்கு டெக்சஸ் காட்டுக்குள். சிவப்பாற்றில் மைல் கணக்கில் மரங்கள் அடைத்துக் கிடந்ததால் நீர்மட்டம் உயர்ந்து, படகு உள்ளே வந்தது. 1873-இல் ராணுவப் பொறியாளர்கள் அந்த அடைப்பை வெடிவைத்து எடுத்தார்கள். தண்ணீர் இறங்கியது, துறைமுகம் போயிற்று. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் அன்றைய செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அங்குள்ள எக்ஸெல்சியர் ஹவுஸ் 1850-களிலிருந்து நடக்கும் ஹோட்டல். 1961-இல் ஊர்ப் பெண்களின் தோட்டக்கலைச் சங்கம் அதை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தது. பாயிண்ட் அங்கே செல்லாது. என் பாயிண்ட் செல்லுகிற ஹோட்டல் தெற்கே பதினாறு மைலில், மார்ஷலில், 20-ஆம் எண் நெடுஞ்சாலையின் வெளிவழியில் இருந்தது.

மார்ஷல் வெறும் படுக்கைக்காகத்தான். ஆனால் படுத்த இடத்தில் காலையில் எழுந்தாக வேண்டுமே. டெக்சஸ் வரைபட வடிவில் வாஃபிள் சுட்டுத் தின்றுவிட்டு (இந்த மாநிலத்து ஹோட்டல்களில் அதற்கென்றே அச்சு உண்டு) ஊருக்குள் போனோம். அங்கே 1873-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய வைலி கல்லூரி, இப்போது பல்கலைக்கழகமாக, இருக்கிறது. கவிஞர் மெல்வின் டால்சன் அங்கே ஆசிரியராக இருந்து ஒரு பட்டிமன்றக் குழுவைப் பழக்கினார். 1935-இல் அந்தக் குழு, அன்று சாம்பியன் என்று பெயரெடுத்திருந்த தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை வென்றது. 2007-இல் டென்சல் வாஷிங்டன் எடுத்த படம் எதிரணியை ஹார்வர்டாக மாற்றிவிட்டது. மாற்றாவிட்டாலும் கதைக்குக் குறைவில்லை. பதினான்கு வயதில் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த மார்ஷல் பையன் ஜேம்ஸ் பார்மர். காந்தியின் வழியைப் படித்து, 1942-இல் இனச் சமத்துவ காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1961-இல் அந்த அமைப்புதான் பஸ்ஸில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்கார்ந்து தெற்கே போன விடுதலைப் பயணங்களைத் தொடங்கியது.

மஞ்சள் செங்கல்லில், குவிமாடத்தோடு நிற்கிறது பழைய கோர்ட் ஹவுஸ். 1960-இல் வைலி மாணவர்களும் பிஷப் கல்லூரி மாணவர்களும் கறுப்பருக்குப் பரிமாறாத ஒரு கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து போராடியபோது, இந்தச் சதுக்கத்தில் கூடியவர்கள்மேல் தீயணைப்புக் குழாயைத் திருப்பினார்கள். அதற்கும் முன்பு, டால்சனின் பட்டிமன்ற மாணவர்கள் ஊர் ஊராகக் காரில் போனார்கள். வழியில் பெரும்பாலான ஹோட்டல்களில் அவர்களுக்கு அறை கிடையாது, தெரிந்த கறுப்பர் வீடுகளில்தான் படுக்க வேண்டும். இப்படி அறை மறுப்பதைத் தடுக்க 1964-இல் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் ஒரு மோட்டல்காரர் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். போனில் ஒரு பொத்தானை அமுக்கி, யாரிடமும் முகம் காட்டாமல் நான் எடுத்த அறைக்கு இவ்வளவு முன்கதை உண்டு என்பது மாலத்தீவில் எனக்குத் தெரிந்திருக்காது.

வரவேற்பு மேசையில் இருந்த ஹோட்டல் சொந்தக்காரர் குஜராத்தி. அமெரிக்க மோட்டல்களில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருப்பது எல்லாரும் அறிந்ததுதான். நான் சும்மா தங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஹோட்டல் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் பிராண்ட் நல்ல தொகை கொடுக்கும். இல்லையென்றால் வாடகையைவிட மிகக் குறைவாக ஏதோ கொடுக்கும். போதாததற்கு, பாயிண்ட் சேரும் ஒவ்வொரு தங்கலுக்கும் வாடகையில் ஒரு பங்கை அவர்தான் திட்டத்துக்குக் கட்டுகிறார். ஆக, என் இலவசத்தில் கொஞ்சம் அவர் பையிலிருந்து வருகிறது. இது தெரிந்தபின் சில பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். அறை சுத்தம் செய்பவருக்கு மேசையில் ரொக்கம். சாப்பாடு ஊருக்குள், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மெக்சிகன் கடையில். இரண்டு இரவு தங்கினால் ஒன்று பாயிண்ட்டில், மற்றது எக்ஸெல்சியர் போன்ற ஒரு இடத்தில் கைக்காசு கொடுத்து.

பாயிண்ட்டுக்கும் ஒரு சொந்த வரைபடம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். நெடுஞ்சாலையின் வெளிவழிகளைத் தவிர வேறெதையும் அது காட்டாது. அந்த வரைபடத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தால் எல்லா ஊரும் ஒரே பெட்ரோல் பங்க்காகத் தெரியும். ஊரை வேறு வழியில் தேர வேண்டும். டெக்சஸில் 254 கவுன்டிகள். ஒவ்வொன்றுக்கும் தலைநகராக ஒரு ஊர், நடுவில் ஒரு கோர்ட் ஹவுஸ், சுற்றிலும் கடைத்தெரு. மூன்று மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஒன்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கை எங்கே கிடைக்கிறது என்று அப்புறம் பாருங்கள்.

மாலத்தீவு வில்லாவுக்காகச் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த வருடம் அது எத்தனை பாயிண்ட் கேட்கும் என்று உங்களுக்கு இன்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. இந்த மாதமே ஒரு சனிக்கிழமை மார்ஷல் போய்வாருங்கள். மாதத்தின் முதல் திங்களுக்கு முந்தைய வாரக்கடைசி மட்டும் வேண்டாம். வழியில் கேன்டனில் பெரிய சந்தை கூடும், சாலை நெரியும், அறையும் எளிதில் கிடைக்காது.