சிறு கைப்பிடி

புரட்டாசியில் நவராத்திரி நெருங்கும்போது தெலங்கானாவில் பள்ளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் விடுமுறை. ஹைதராபாத்தின் தார்நாகாவில் ஒரு வீட்டு முற்றத்தில் பதுக்கம்மாவுக்காகத் தங்கேடுப் பூக்களை அடுக்குவார்கள். நம் ஆவாரம்பூதான் அங்கே தங்கேடு. அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் கொலுப்படி எழும். அதே நாட்களை ஒட்டி, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் அட்டைப் பெட்டிகளும் வந்து அமரும். 2009 முதல் காந்தி ஜயந்தி வாரத்தில் நாடெங்கும் நடைபெறும் ‘தான உத்சவம்’ இப்பெட்டிகளைப் பரவலாக்கியது. பழைய துணி, பொம்மை, புத்தகம் எல்லாம் அவற்றில் சேரும். ‘குழந்தைகள் கையாலேயே போடச் சொல்லுங்கள்’ என்று பெற்றோர்க்கு அறிவுரையும் வரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கை அப்போது எதைக் கற்றுக்கொள்கிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

கொலுவுக்கு வருவோர்க்குச் சுண்டலும் தாம்பூலமும் வழங்குகிறோம். தாம்பூலத்துடன் வைக்கும் ரவிக்கைத் துணி எத்தனை வீடுகளைச் சுற்றித் திரும்பவும் நம்மிடமே வந்து சேரும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்! அது அன்பின் பரிமாற்றம். அதில் குறையேதும் இல்லை. ஆயினும் பகவத்கீதை பதினேழாம் அத்தியாயத்தில் சாத்துவிக தானம் என்று பகவான் சுட்டுவது வேறு. திரும்பச் செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், கொடுப்பது கடமை என்ற ஒரே எண்ணத்தோடு கொடுப்பது அது.

உரிய காலம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் குழந்தைக்கு விடுமுறை என்றால் பலகாரம். அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு விடுமுறை என்றால் பள்ளியின் மதிய உணவு இல்லாத நாட்கள். குன்னூரில் 1918-இல் ஓர் அறையில் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதே தார்நாகாவில்தான் இருக்கிறது. ஒரு வேளை உணவு வளரும் உடலுக்கு என்ன செய்யும் என்று ஆராயும் அதன் மதிற்சுவருக்கு வெளியே, வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் பள்ளி மூடியிருப்பதால் தம் மகளையும் உடன் அழைத்து வருகிறார். அந்தப் பெண் சமையலறை வாசலில் அமர்ந்திருக்கிறாள். நம் மகன் தொலைவிலுள்ள ‘ஏழைகளுக்கு’ப் பெட்டியில் பொம்மை போட்டுவிட்டு அவளைக் கடந்து உள்ளே போகிறான். அவனை அப்படிக் கடந்துபோகப் பழக்கியவர் யார்?

கொடையைக் குழந்தைக்கு எவ்வாறு ஊட்டுவது என்பதற்கு ஆசாரிய வினோபா பாவேயின் தாயார் ருக்மிணி பாயைக் காட்டிலும் எளிய சான்று கிடைப்பது அரிது. ககோதே கிராமத்து வீட்டில் பலாப்பழம் பழுத்தால், சுளைகள் முதலில் அண்டை வீடுகளுக்குப் போக வேண்டும். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது குழந்தைகளின் வேலை. திரும்பி வந்த பின்னரே அவர்களுக்குப் பங்கு. வாயூறும் பழத்தைக் கையில் ஏந்திப் பிறர் வீட்டு வாசலுக்கு நடந்து போவதே அங்கே பாடமாக இருந்தது! ஒருநாள் உடல் வலிமை மிக்க ஒருவருக்கு அன்னை பிச்சையிட்டார். சோம்பலை வளர்க்கலாமா என்று சிறுவன் வினோபா வாதிட்டான். வாசலுக்கு வந்தவரின் தகுதியை நிறுக்க நாம் யார், இறைவனாகக் கருதி இயன்றதைத் தருவதே நம் பங்கு என்பது தாயின் விடை. அந்த விடைக்கு எதிர்வாதம் தமக்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் வினோபா கூறுவதுண்டு.

அந்தச் சிறுவன்தான் 1951 ஏப்ரல் 18 அன்று, தார்நாகாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போச்சம்பள்ளியில் நின்றார். நிலமற்ற நாற்பது தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் எண்பது ஏக்கர் வேண்டினர். ‘அரசு தரும்வரை காத்திராமல் உங்களில் யாரேனும் உதவ முடியுமா?’ என்ற கேள்வி எழுந்தபோது, வெதிரெ ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. இன்றும் அவ்வூரின் பெயர் பூதான் போச்சம்பள்ளி.

வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நாடு முழுவதும் நாற்பது லட்சம் ஏக்கருக்கும் மேல் தானமாக எழுதித் தரப்பட்டது. அதில் பெரும்பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பாறையும் மணலுமான தரிசு, வழக்கில் சிக்கிய நிலம் எனப் பலர் தமக்கு உதவாததையே கொடுத்திருந்தனர்.

இது புதிய கதையன்று. கடோபநிஷதமே இதில்தான் தொடங்குகிறது. வாஜசிரவஸ் யாகம் செய்து, உடைமை யாவற்றையும் தானம் அளிக்கிறார். ஓட்டிச் செல்லப்படும் பசுக்களைச் சிறுவன் நசிகேதன் பார்க்கிறான். இனிக் கன்று ஈனாதவை, பால் வற்றியவை, புல் மேயவும் நீர் அருந்தவும் வலுவற்றவை. அக்கணம் சிரத்தை அவனுள் புகுந்தது என்கிறது உபநிஷதம். ‘தந்தையே, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று அவன் மூன்று முறை கேட்கிறான். குழந்தைகள் நம் உபதேசத்தைக் கேட்பதைவிட நம் பசுக்களை நன்றாகப் பார்க்கிறார்கள். பொத்தான் அறுந்த சட்டையையும் சக்கரம் கழன்ற பொம்மை வண்டியையும் பெட்டியில் போடச் சொல்லும்போது, ‘நமக்கு வேண்டாதது அவர்களுக்குப் போதும்’ என்பது சொல்லாமலே பதிந்துவிடுகிறது. அதைவிடப் பெட்டியே இல்லாதிருப்பது மேல்.

ஆகவே துணி கொடுப்பதென்றால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுக்கட்டும். அந்த வேலையில் பாதியைப் பிள்ளையே செய்யட்டும். அவனுக்குப் பிடித்த பொருள்களுள் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். மனம் வராவிட்டால் காத்திருங்கள். கையிலிருந்து பறித்துக் கொடுத்தால் அது உங்கள் தானம். அவனுக்கு வெறும் இழப்பு. கொடுக்கும்போது படம் எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தைத்திரீய உபநிஷதம் கொடுப்பவனிடம் நாணத்தையும் எதிர்பார்க்கிறது. கைப்பேசியின் முன் நாணப்பட வேண்டியவளாக, வாங்கும் சிறுமியல்லவா நிற்கிறாள்?

விடுமுறை முடிந்தபின் என்ன செய்வது? அதற்கும் வினோபா வழி காட்டினார். வீட்டில் ஒரு பாத்திரம். தினமும் ஒரு பிடி தானியம். அதைப் பெரியவர்கள் இடக்கூடாது. வீட்டின் சிறு குழந்தையே தன் கையால் இட வேண்டும். ‘சர்வோதய பாத்திரம்’ என்பது அதன் பெயர். சிறு கை அள்ளுவது குடும்பத்துக்குச் சுமையாகாது. அந்தக் கைக்கோ அது நாள்தோறும் பயிற்சி. காஞ்சிப் பெரியவர் பரப்பிய பிடி அரிசித் திட்டமும் நம் தமிழ் இல்லங்களுக்குப் புதியதன்று.

வாங்கும் பெருமையையும் பிள்ளைகள் அறிய வேண்டும். காளிதாசரின் ரகுவம்சத்தில், விசுவஜித் வேள்வியில் அனைத்தையும் ஈந்து மண்பாத்திரத்தோடு நிற்கும் ரகுவிடம் கௌத்ஸன் குருதட்சிணைக்காகப் பதினான்கு கோடிப் பொன் கேட்டு வருகிறான். குபேரன் பொழிந்த பொன் முழுவதையும் எடுத்துக்கொள் என்கிறான் அரசன். குருவுக்குரியது போக ஒரு காசும் வேண்டேன் என்கிறான் மாணவன். இருவரில் யாரைப் போற்றுவது என்று அயோத்தி மக்கள் திகைத்தனராம். அந்தப் பொன் வன்னி மரத்தின்மேல் பொழிந்ததாகவும், எஞ்சியதை ஊரார்க்கே பங்கிட்டதாகவும் நாட்டு வழக்கு சொல்லும்.

விஜயதசமி மாலையில் தார்நாகாவின் தெருக்களில் சிறுவர்கள் அந்த வன்னி இலைகளோடு வீடு வீடாக வருவார்கள். தெலுங்கில் அதற்கு ஜம்மி. பெரியவர்களின் உள்ளங்கையில் இலையை வைத்து, ‘பங்காரம்’, அதாவது பொன், என்று சொல்லிக் காலைத் தொட்டு வணங்குவார்கள். சமையலறை வாசலில் அமர்ந்திருந்த சிறுமியும் அன்று ஓர் இலையோடு வரக்கூடும். நம் பிள்ளை எழுந்து நின்று, இரு கைகளாலும் அதை வாங்கிக்கொள்ளட்டும்.